மனிதப் பாலியலைப் படிக்கத் தொடங்குவோருக்கு: இராமநாதபுரக் கடற்கரையிலிருந்து ஒரு வழிகாட்டி

தொண்டி முதல் சாயல்குடி வரையுள்ள கடற்கரை ஊர்களில் கிராம சுகாதாரச் செவிலியராகவோ, பள்ளி ஆசிரியராகவோ, சமூகப்பணி அல்லது உளவியல் மாணவராகவோ இருக்கும் பலருக்கு, மனிதப் பாலியலை முறையாகப் படிக்க வேண்டும் என்ற எண்ணம் எப்போதாவது எழுந்திருக்கும். நாள்தோறும் அவர்கள் காதில் விழும் கேள்விகளே அந்த எண்ணத்தைத் தூண்டுகின்றன. ஆனால் எதை முதலில் படிப்பது, யாரிடம் எப்படிப் பேசுவது, கேட்டதை எப்படி எழுதி வைப்பது என்று சொல்லித் தருவதற்கு அருகில் ஆள் இருப்பதில்லை. அவ்வாறு தொடங்க விரும்பும், பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது.

பாலியல் படிப்பின் எல்லை உடலுறவோடு முடிந்துவிடுவதில்லை. கரு ஆணாகவோ பெண்ணாகவோ உருப்பெறுவது, பருவமடைவது, ஆசை எழுவதும் எழாமல் போவதும், யார் மீது ஈர்ப்பு ஏற்படுகிறது என்பது, ஒருவர் தம்மை ஆணாக அல்லது பெண்ணாக உணர்வது, திருமணம், குழந்தைப்பேறு, கூச்சம், அச்சம், ஊர்க்கட்டு, சட்டம் ஆகிய எல்லாமே இதில் அடங்கும். 1977இல் ஜார்ஜ் எங்கல் என்னும் அமெரிக்க மருத்துவர், நோயை உடலின் பழுதாக மட்டும் பார்க்கும் மருத்துவம் போதாது என்றும், உடல், மனம், சமூகம் ஆகிய மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்றும் வாதிட்டார். பாலியல் படிப்பு இன்று பெரும்பாலும் அந்த வழியிலேயே நடக்கிறது. மூன்றையும் தனித்தனிப் பாடங்களாகப் படித்து முடிப்பதால் மட்டும் ஒருவர் தேர்ச்சி பெற்றுவிட முடியாது. ஒரே கேள்வியை மூன்று வழியிலும் விசாரிக்கப் பழகுவதுதான் இத்துறையின் உண்மையான பயிற்சி என்பது என் உறுதியான கருத்து. கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் அந்தப் பயிற்சியை நோக்கியே அமைந்துள்ளது.

முதல் படி: உங்கள் கேள்வியும் உங்கள் முன்முடிவும்

ஒரு குறிப்பேட்டை எடுத்து, இப்பொருளில் உங்களுக்கு உண்மையாகவே விடை தெரிய வேண்டிய கேள்விகளை எழுதுங்கள். அவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். பிறகு, அக்கேள்விக்கு இப்போதே உங்கள் மனத்தில் இருக்கும் விடையையும், அது எங்கிருந்து வந்தது என்பதையும் அதன் கீழே எழுதுங்கள். வீட்டிலிருந்தா, பள்ளிவாசலிலிருந்தா, கோயிலிலிருந்தா, தேவாலயத்திலிருந்தா, திரைப்படத்திலிருந்தா, நண்பர்களின் பேச்சிலிருந்தா என்று பிரித்துப் பார்த்தால், நாம் அறிவு என்று எண்ணிக்கொண்டிருப்பதில் எவ்வளவு கேள்விப்பட்டது என்பது புலப்படும்.

இதைச் சிறுபிள்ளைத்தனமான வேலை என்று யாரும் ஒதுக்க வேண்டாம். 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில், ஒருவரையொருவர் விரும்பிச் சேர்ந்து வாழப் பாதுகாப்பு கோரிய இரு பெண்களின் வழக்கை விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், தன்பாலீர்ப்புப் பற்றித் தமக்குப் போதிய புரிதல் இல்லை என்பதை வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டறிந்த பிறகே விரிவான ஆணையைப் பிறப்பித்தார். ஒருவருடைய ஈர்ப்பை மருந்தாலோ வற்புறுத்தலாலோ மாற்ற முயலும் 'சிகிச்சை'களுக்கு அந்த ஆணை தடை விதித்தது. ஒரு நீதிபதியே அவ்வாறு செய்ய முடியுமானால், புதிதாகப் படிக்க வருகிறவருக்கு அதில் தயக்கம் இருக்கத் தேவையில்லை.

இரண்டாம் படி: உடலைப் படித்தல்

உயிரியலை முதலில் வைப்பதற்குக் காரணம், அது மற்ற இரண்டைவிட உயர்ந்தது என்பதால் அல்ல. இங்கே சரிபார்க்கக்கூடிய செய்திகள் அதிகம். தவறான நம்பிக்கைகளும் பெரும்பாலும் இங்கேதான் வேர்விட்டுள்ளன. கலைப்பிரிவில் படித்தவர்கள் தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் 12ஆம் வகுப்பு விலங்கியல் பாடத்தில் உள்ள மனித இனப்பெருக்கப் பகுதிகளை முதலில் பொறுமையாகப் படித்துவிட வேண்டும். உறுப்புகளின் பெயர்களைத் தயங்காமல் உரக்கச் சொல்லிப் பழகுவதும் இந்தப் படியின் ஒரு பகுதியே. சொல்லும்போது உங்கள் குரல் தாழ்ந்தால், கேட்பவரின் தலையும் தாழும்.

அடுத்ததாகக் கரு வளர்ச்சியைக் கவனியுங்கள். முதல் ஆறு, ஏழு வாரங்கள் வரை எல்லாக் கருவிலும் இனப்பெருக்கச் சுரப்பிக்கான திசு ஒரே வகையில்தான் இருக்கிறது; அது விந்தகமாகவும் ஆகலாம், சூலகமாகவும் ஆகலாம். ஒய் குரோமோசோமில் உள்ள எஸ்.ஆர்.ஒய். என்னும் மரபணு செயல்படத் தொடங்கும்போது விந்தகம் உருவாகும் பாதை திறக்கிறது. இந்த மரபணு 1990இல்தான் கண்டறியப்பட்டது. குரோமோசோம், மரபணு, சுரப்பி, ஹார்மோன், அந்த ஹார்மோனை ஏற்கும் திசு, வெளியுறுப்பு என்று படிப்படியாக நடக்கும் இந்த வளர்ச்சியில் ஏதேனும் ஓரிடத்தில் வேறுபாடு நேர்ந்தால், ஒருவருடைய குரோமோசோம் ஒன்றைச் சொல்ல, உடலமைப்பு வேறொன்றைச் சொல்லக்கூடும். அவ்வாறு பிறப்பவர்களை ஊடுபால் கொண்டோர் என்கிறோம். ஒரு சோதனை ஒருவரை முழுமையாகச் சொல்லிவிடும் என்று நம்புவது எவ்வளவு கொடிய விளைவைத் தரும் என்பதற்கு அண்டை மாவட்டமான புதுக்கோட்டையிலிருந்து வந்த ஓட்டவீராங்கனை சாந்தி சௌந்தரராஜனே சான்று. 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் அவர் வென்ற வெள்ளிப்பதக்கம், பாலினச் சோதனைக்குப் பிறகு பறிக்கப்பட்டது. பெண்ணாகவே வளர்ந்து, பெண்ணாகவே ஓடிய ஒருவரின் வாழ்க்கை ஊரறியக் குலைக்கப்பட்டதை உயிரியல் பாடம் மட்டும் விளக்க முடியாது.

கடற்கரையில் இருப்பவருக்கு உயிரியல் பாடத்தில் ஒரு வசதி உண்டு. மீன் ஏலத்திற்கு வரும் கொடுவாவை எடுத்துக்கொள்ளுங்கள்: அது முதலில் ஆணாக முதிர்ந்து, பெரிதான பிறகு பெண்ணாக மாறும் மீன். களவா அதற்கு நேர்மாறாக, பெண்ணாக முதிர்ந்து பின்னர் ஆணாக மாறும். பாக் நீரிணையின் கடற்குதிரையில், முட்டையைப் பையில் சுமந்து குஞ்சு பொரிப்பது ஆண். இயற்கையில் பால் என்பது எல்லா உயிருக்கும் ஒரே அச்சில் வார்க்கப்படவில்லை என்பதை மாணவர்களுக்குக் காட்ட இவை மிகச் சிறந்த தொடக்கம். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. களவா மாறுகிறது என்பதால் மனிதரும் அப்படித்தான் என்றோ, விலங்குகளில் இல்லை என்பதால் மனிதரிலும் இருக்கக் கூடாது என்றோ முடிவு கட்டுவது அறிவியல் ஆகாது. மீனிலிருந்து கற்க வேண்டியது வியப்பை மட்டுமே. மனிதனுக்கான விடையை மனிதனிடமிருந்துதான் தேட வேண்டும்.

பருவமடைதல், மாதவிடாய்ச் சுழற்சி, கருத்தரிப்பு ஆகியவற்றைப் படிக்கும்போது சில எண்களை மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளுங்கள். பருவ மாற்றங்கள் பெண்களுக்கு 8 முதல் 13 வயதுக்குள்ளும் ஆண்களுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் தொடங்குவது இயல்பு. வளர்ந்த பெண்களின் சுழற்சி 21 முதல் 35 நாள் வரை இருக்கலாம். 28 என்பது சராசரியே தவிர விதி அன்று. சினைமுட்டை வெளிவந்தபின் ஏறத்தாழ ஒரு நாளே உயிரோடு இருக்கும். விந்தணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரை இருக்கக்கூடும். இந்த எண்கள் பின்னால் நமக்குப் பயன்படப் போகின்றன.

மூன்றாம் படி: மனத்தைப் படித்தல்

ஈர்ப்பு, செயல், அடையாளம் ஆகிய மூன்றும் வெவ்வேறு என்பதை உளவியலில் நுழைபவர் முதல் நாளே பதித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் யாரால் ஈர்க்கப்படுகிறார், உண்மையில் யாரோடு உறவு கொள்கிறார், தம்மை என்னவென்று சொல்லிக்கொள்கிறார் என்பவை ஒன்றோடொன்று பொருந்தியும் இருக்கலாம், பொருந்தாமலும் இருக்கலாம். ஒன்றைக் கேட்டுவிட்டு மற்றதை ஊகிப்பவர் தவறான முடிவுக்கே வருவார்.

இத்துறையின் வரலாற்றையும் சுருக்கமாக அறிந்திருங்கள். 1919இல் மேக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் பெர்லினில் பாலியல் ஆய்வுக்கென ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். 1933இல் நாஜிகள் அதைச் சூறையாடி நூல்களை எரித்தார்கள். ஆல்பிரட் கின்சி 1948இலும் 1953இலும் ஆயிரக்கணக்கானோரை நேரில் கண்டு பேசிய முடிவுகளை வெளியிட்டார். அவர் ஆட்களைத் தேர்ந்தெடுத்த முறையில் குறைகள் இருந்தன என்பது இன்று எல்லாரும் ஏற்கும் விமர்சனம். வில்லியம் மாஸ்டர்ஸும் வர்ஜீனியா ஜான்சனும் 1966இல் உடலுறவின்போது உடலில் நிகழும் மாற்றங்களை ஆய்வகத்தில் அளந்து நான்கு கட்டங்களாகப் பிரித்தார்கள். அவர்கள் விட்டுவிட்ட ஆசையை ஹெலன் சிங்கர் கப்லன் தனிக் கட்டமாகச் சேர்த்தார். ஆசை எப்போதும் முன்னதாகவே எழ வேண்டும் என்பதில்லை, பலருக்கு நெருக்கம் தொடங்கிய பிறகே அது எழுகிறது என்று ரோஸ்மேரி பேசன் 2000இல் எடுத்துக்காட்டினார். 'எனக்கு ஆசையே வருவதில்லை' என்று வருந்தும் மனைவியரில் எத்தனையோ பேருக்கு இந்த ஒரு செய்தியே பெரும் ஆறுதல். அமெரிக்க உளவியல் மருத்துவர் சங்கம் 1973இல் தன்பாலீர்ப்பை மனநோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. உலக சுகாதார நிறுவனம் 1990இல் நீக்கியது.

இந்த வரலாறு தொலைவில் நடந்தது என்று தோன்றினால், நம் பக்கத்திலேயே உள்ள ஒரு துன்பத்தை எடுத்துப் பாருங்கள். மண்டபத்தில் விசைப்படகில் வேலை செய்யும் இருபது வயது இளைஞர் ஒருவர் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு வந்து, உடம்பில் தெம்பில்லை, இடுப்பு வலிக்கிறது, எடை குறைகிறது என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. கதவைச் சாத்திவிட்டு, "தம்பி, வேற ஏதாவது மனசுல கிடக்குதா?" என்று கேட்டால்தான், "அண்ணே, ராத்திரியில போயிருது. ஒரு சொட்டு போனா நாப்பது சொட்டு ரத்தம்னு சொல்றாங்களே" என்பது வெளியே வரும். 1960இல் மருத்துவர் என். என். விக், விந்து வெளியேறுவதால் உடல் அழிகிறது என்ற அச்சத்தை மையமாகக் கொண்ட இத்துன்பத்திற்கு 'தாத் நோய்க்குறி' என்று பெயரிட்டார்.

உடல் வழியாகப் பார்த்தால் விடை எளியது. விந்தணு உற்பத்தி பருவ வயதிலிருந்து இடைவிடாமல் நடப்பது. வெளியேறும் நீர் சில மில்லிலிட்டரே. உறக்கத்தில் அது வெளியேறுவது இயல்பு. அதற்கும் இரத்தத்திற்கும் அப்படியொரு கணக்கு இல்லை. ஆனால் இந்த விடையைச் சொல்லி அனுப்பிவிட்டால் அந்த இளைஞர் அடுத்த வாரம் விடுதி அறையில் வந்து தங்கும் போலி வைத்தியரிடம் போவார். ஏனெனில் அவருடைய களைப்பும் வலியும் உண்மையானவை. பதற்றம் அவற்றை உண்டாக்குகிறது. குற்ற உணர்வு அந்தப் பதற்றத்தை வளர்க்கிறது. சுவரொட்டியும் தொலைக்காட்சியின் நள்ளிரவு நிகழ்ச்சியும் 'இளமையில் செய்த தவறு' என்று சொல்லிச் சொல்லி அந்தக் குற்ற உணர்வில் காசு பார்க்கின்றன. இளைஞரின் துன்பத்தைப் பொய் என்று தள்ளாமல், அதன் காரணத்தை மட்டும் மாற்றிச் சொல்லத் தெரிந்தவரே இங்கே உதவ முடியும். அதற்கு உடலறிவு, மனவறிவு, ஊரறிவு மூன்றும் ஒருசேர வேண்டும்.

நான்காம் படி: ஊரைப் படித்தல்

சமூகத்தைப் படிப்பது என்றால் 'நம் மக்கள் இப்படித்தான்' என்று எழுதத் தொடங்குவதல்ல. இராமநாதபுரக் கடற்கரை ஒரே ஊர் போலத் தெரிந்தாலும், பத்துக் கிலோமீட்டருக்குள் விதிகள் மாறுகின்றன. தாய்மாமனை மணப்பது இந்து சமூகங்கள் பலவற்றில் வழக்கத்தால் ஏற்கப்பட்டது. கீழக்கரை, பெரியபட்டினம் முஸ்லிம்களிடையே அது மார்க்கத்தால் விலக்கப்பட்டது. மாமன் மகள், அத்தை மகன் திருமணம் அங்கே விலக்கில்லை. தங்கச்சிமடம், பாம்பன் கத்தோலிக்க மீனவர்களுக்குத் திருச்சபையின் விதிகள் தனி. எனவே யார் யாரை விரும்பலாம், யார் யாரோடு தனியே பேசலாம் என்பதை ஒவ்வொரு சமூகத்திற்கும் தனித்தனியே கேட்டு எழுதுங்கள். உறவுமுறை வரைபடம் ஒன்றை வரைந்து, கேலி பேசத்தக்க உறவு எது, முகம் பார்த்துப் பேசாத உறவு எது என்று குறித்தாலே பாலியல் ஒழுங்கின் எலும்புக்கூடு தெரிந்துவிடும்.

பருவமடைந்த பெண்ணுக்குச் செய்யும் சடங்கை நேரில் கவனியுங்கள். தாய்மாமன் சீர், ஒலிபெருக்கி, சுவரொட்டியில் அச்சிட்ட சிறுமியின் படம் ஆகியவை ஒரு குழந்தையின் உடலில் நடந்ததை ஊருக்கே அறிவிக்கின்றன. அச்சிறுமிக்கு அது பெருமையாகவும் இருக்கலாம், ஒடுங்கிப்போகும் வெட்கமாகவும் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். வளர்ந்த பெண்களிடம், அந்நாளில் தங்களுக்கு என்ன தோன்றியது என்று இப்போது கேட்டால் கிடைக்கும் விடைகள் மிகுந்த மதிப்புடையவை. பாம்பன் பக்கம் கடற்பாசி எடுக்கப் போகும் பெண்களிடம், மணிக்கணக்கில் தண்ணீரில் நிற்கும் வேலையில் மாதவிடாய் நாள்களை எப்படிக் கடக்கிறார்கள் என்று கேட்பதும் அப்படிப்பட்டதே. துணி மாற்ற மறைவிடம் இல்லாமை, அன்றைய கூலியை இழத்தல், 'தீட்டு' என்ற எண்ணம் ஆகிய மூன்றில் எது ஒரு பெண்ணைக் கரையில் நிறுத்துகிறது என்பதை நாமாக ஊகிக்கக் கூடாது.

சட்டத்தையும் சமூகப் பாடத்தின் பகுதியாகவே படிக்க வேண்டும். சிறார்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012இல் வந்தது. அதன்படி 18 வயதுக்குட்பட்ட எவரும் குழந்தையே. திருநர் தம் பாலினத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று ஏற்றது. வயதுவந்தோர் இசைந்து கொள்ளும் தன்பாலுறவை, அதைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவின் பிடியிலிருந்து 2018 செப்டம்பர் 6 அன்று விடுவித்தது. தமிழ்நாடு 2008இலேயே திருநங்கையர் நல வாரியத்தை அமைத்தது. நம் மாவட்டத்திற்கும் உரிய உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, 2019இல், திருநங்கையும் இந்து திருமணச் சட்டத்தின் பொருளில் மணமகளே என்று தீர்ப்பளித்தது. ஊடுபால் கொண்ட குழந்தைகளுக்குத் தேவையற்ற பாலினத் திருத்த அறுவைச் சிகிச்சை செய்வதைத் தடுக்கவும் பணித்தது. அவ்வாண்டே மாநில அரசு அதற்கு ஆணை பிறப்பித்தது. 2022இல் தமிழ்நாடு அரசு, தன்பாலீர்ப்புடையோர், திருநர், ஊடுபால் கொண்டோர் ஆகியோரைக் கண்ணியமாகக் குறிப்பதற்கான சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. எழுதும்போது அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு செய்தியும் தமிழர்கள் அறிந்திருக்க வேண்டியது. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986இல் சென்னையில்தான். மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும், பாலியல் தொழிலில் ஈடுபட்டிருந்த பெண்களின் இரத்த மாதிரிகளைச் சேகரித்து அதை நிறுவினார்கள். நம் ஊரில் அப்படி எதுவும் இருக்காது என்ற பொதுநம்பிக்கைக்கு எதிராகக் கேள்வி எழுப்பத் துணிந்ததே அந்த ஆய்வின் சிறப்பு.

ஐந்தாம் படி: ஒரு கேள்வியை மூன்று வழியிலும் விசாரித்தல்

இனி, இதுவரை படித்ததை ஒரே கேள்வியில் சேர்த்துப் பார்ப்போம். கீழக்கரைப் பக்கத்துப் பெண் ஒருவருக்குத் திருமணமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கணவர் வளைகுடா நாட்டில் வேலை செய்கிறார். திருமணமான மாதத்திலும், பிறகு ஒரு மாத விடுப்பிலும் மட்டுமே ஊரில் இருந்தார். மாமியார் வீட்டிலும் விசேஷ வீடுகளிலும் "என்ன, விசேஷம் ஏதும் உண்டா?" என்ற கேள்வி ஓயவில்லை. அப்பெண், தமக்குத்தான் குறை என்று நம்பத் தொடங்கிவிட்டார். ஓதிப் பார்க்கவும் மருத்துவரிடம் காட்டவும் உறவினர் அழைத்துப் போகிறார்கள்.

உடற்கணக்கைப் போடுங்கள். ஒரு சுழற்சியில் கருத்தரிக்க வாய்ப்புள்ள நாள்கள், முட்டை வெளிவருவதற்கு முந்தைய ஐந்து நாளும் அந்த நாளுமாக ஆறே நாள். அந்த ஆறு நாளும் தவறாமல் அமைந்த நலமான இணையருக்கே ஒரு சுழற்சியில் கருத்தரிக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று அல்லது ஐந்தில் ஒன்று என்ற அளவில்தான் இருக்கும். ஒரு மாத விடுப்பில் ஒரு சுழற்சிதான் முழுமையாக அமையும். அதிலும் முதல் வாரம் விருந்திலும் உறவினர் வீடுகளிலும் கழிந்துவிடும். கருத்தடை ஏதுமின்றி பன்னிரண்டு மாதம் சேர்ந்து வாழ்ந்தும் கருத்தரிக்காதபோதுதான் மருத்துவம் அதைக் குழந்தையின்மை என்கிறது. இந்த இணையர் சேர்ந்திருந்தது மொத்தம் இரண்டு மாதம். அவர்களுக்கு அப்பெயரையே இன்னும் வைக்க முடியாது. உண்மையான குழந்தையின்மையிலும் ஏறத்தாழப் பாதி இணையரிடம் ஆணின் பக்கத்துக் காரணமும் இருக்கிறது. ஆகவே கணவருக்கும் விந்துப் பரிசோதனை செய்யாமல் மனைவியை மட்டும் மருத்துவமனை மருத்துவமனையாக அலைக்கழிப்பது மருத்துவ முறைக்கே மாறானது.

மனத்தின் பக்கம் திரும்பினால், அந்த ஒரு மாதம் முழுவதும் தேர்வு போல ஆகிவிட்டிருப்பதைக் காண்பீர்கள். நாள் குறித்து உறவு கொள்ள வேண்டியிருக்கும்போது ஆசை ஒதுங்கிவிடுகிறது. கணவருக்குப் பதற்றத்தால் விறைப்பு அமையாமல் போகலாம். மனைவிக்கு உடல் இறுகி வலி ஏற்படலாம். ஒருவரையொருவர் இன்னும் சரியாக அறிந்திராத இருவர், ஊரே எதிர்பார்க்கும் ஒன்றைக் குறித்த நாளுக்குள் செய்து முடிக்க வேண்டியவர்கள் ஆகிறார்கள். விடுப்பு முடிந்து கணவர் திரும்பிய பின் மாதவிடாய் வரும் நாள், அப்பெண்ணுக்குத் துக்க நாளாகிவிடுகிறது. அந்தத் துக்கத்தை அவர் தனியே சுமக்கிறார்.

ஊரின் பக்கம் பார்த்தால், வேலைக்காகப் பிரிவது இக்கடற்கரையில் பழையது. பிரிந்தவரை எண்ணி இரங்கும் உணர்வையே நெய்தல் நிலத்திற்கு உரியதாக நம் முன்னோர் வகுத்தார்கள்; அந்த மரபில் பிரிவின் துயர் பெண்ணின் குறையாக எண்ணப்படவில்லை. இன்றோ பிரிவு பொருளாதார ஏற்பாடு. கணவர் அனுப்பும் பணத்தில் வீடு எழும்புகிறது, கடன் அடைகிறது; அதனால் 'வேலையை விட்டுவிட்டு வந்து ஓராண்டு இரு' என்று யாரும் சொல்வதில்லை. பிரிவைக் குடும்பம் கூடித் தீர்மானித்தது. அதன் விளைவுக்கோ மனைவி ஒருவரே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூன்றையும் சேர்த்து எழுதிப் பாருங்கள். உடற்கணக்கு இல்லாவிட்டால் அப்பெண்ணின் குற்ற உணர்வைப் போக்க முடியாது. மனத்தின் கணக்கு இல்லாவிட்டால் அடுத்த விடுப்பும் தேர்வாகவே முடியும். ஊரின் கணக்கு இல்லாவிட்டால், மாமியாரையும் கணவரையும் ஒருசேர உட்காரவைத்துப் பேச வேண்டும் என்பது தோன்றவே தோன்றாது. உங்கள் குறிப்பேட்டில் முதல் நாள் எழுதிய கேள்வியையும் இதே முறையில் மூன்று பக்கமாக எழுதுங்கள். ஒரு பக்கம் வெறுமையாக இருந்தால், அடுத்து எதைப் படிக்க வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

ஆறாம் படி: களத்தில் இறங்குமுன்

இந்தப் படியில் அவசரம் கூடாது. கல்லூரி வழியாக ஆய்வு செய்பவர், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளைப் படித்து, நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவிடம் ஒப்புதல் பெற்ற பிறகே யாரிடமும் கேள்வி கேட்கலாம். தொடக்க ஆய்வை 18 வயது நிரம்பியவர்களோடு நிறுத்திக்கொள்வதே நலம். சிறாரை ஆய்வில் சேர்க்கப் பெற்றோரின் ஒப்புதலும் சிறாரின் இசைவும் வேண்டும்; மேலும், ஒரு குழந்தைக்குப் பாலியல் குற்றம் நடந்ததாக உங்களுக்குத் தெரியவந்தால், போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி காவல்துறையிடம் தெரிவித்தே ஆக வேண்டும். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று கண்மூடி வாக்குக் கொடுக்காமல், எதைக் காக்க முடியும், எதைக் காக்க முடியாது என்பதைப் பேச்சைத் தொடங்கும் முன்பே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

சிற்றூரில் பெயரை மறைப்பது மட்டும் போதாது. 'பாம்பனைச் சேர்ந்த 34 வயதுப் பெண், பாசி எடுப்பவர், கணவர் கடலில் இறந்தவர், இரண்டு மகள்கள்' என்று நீங்கள் எழுதினால், பெயர் இல்லாமலே ஊர் முழுவதும் அவரை அடையாளம் கண்டுகொள்ளும். ஊர்ப்பெயரை விடுங்கள், வயதை '30க்கும் 40க்கும் இடையே' என்று எழுதுங்கள், ஆய்வுக்குத் தேவையில்லாத குடும்ப விவரங்களை நீக்குங்கள். ஒலிப்பதிவைக் கைப்பேசியில் வைத்திருந்தால் அதே நாளில் பாதுகாப்பான இடத்திற்கு மாற்றிவிட்டுக் கைப்பேசியிலிருந்து அழித்துவிடுங்கள். உங்கள் வீட்டாரின் கைக்கு அது எட்டக் கூடாது.

யார் கேட்பது, எப்போது கேட்பது என்பதும் முக்கியம். பெண்களிடம் பெண்களும் ஆண்களிடம் ஆண்களும் பேசுவதே இங்கே பெரும்பாலும் ஏற்றது. ஆண்களைச் சந்திக்க, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள மீன்பிடித் தடைக்காலம் வசதியானது. ஆனால் அக்காலத்தில் வருமானமின்றி வீட்டில் சண்டையும் கடன் நெருக்கடியும் மிகுந்திருக்கும் என்பதையும், அப்போது கிடைக்கும் விடைகளில் அதன் நிழல் படியும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். வீட்டுத் திண்ணையில் பேச்சைத் தொடங்காதீர்கள். கடந்து போகும் ஒவ்வொருவரும் நின்று கேட்பார்கள். சுகாதார நிலையத்தின் ஒரு தனியறை போதும். 'மதினி' என்றோ 'ராத்தா' என்றோ உறவு சொல்லி அழைப்பது நெருக்கத்தைத் தரும். ஆனால் தங்கை முறையாகிவிட்டவரிடம் சிலவற்றைச் சொல்லக் கூசுவார்கள் என்பதால், சில இடங்களில் 'டீச்சர்', 'நர்ஸம்மா' என்ற தொலைவே கூடுதலாகப் பேசவைக்கும்.

கேள்வியை அமைக்கும்போது, விடையை அதற்குள்ளேயே திணித்துவிடாதீர்கள். 'கல்யாணத்துக்கு முன்னால தப்பு ஏதும் பண்ணினீங்களா?' என்று கேட்டால் 'இல்லை' என்பதைத் தவிர வேறு விடை வராது. 'கல்யாணத்துக்கு முன்னால யார் மேலயாவது பிரியம் இருந்துச்சா?' என்று தொடங்கினால் பேச்சு தானாக நீளும். பதில் சொல்ல விரும்பாதவர் எந்த இடத்திலும் நிறுத்தலாம் என்பதைத் தொடக்கத்தில் ஒருமுறையும் நடுவில் ஒருமுறையும் சொல்லுங்கள்.

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், 2019-21 காலத்துக்குரிய மாவட்டவாரியான தகவலேடு இராமநாதபுரத்துக்கும் உண்டு. திருமண வயது, கருத்தடை, மாதவிடாய்ச் சுகாதாரம் பற்றிய மாவட்ட நிலையை அறிய அதையே முதலில் பாருங்கள். வீடு வீடாகப் போய்க் கேட்ட நேர்காணல்களிலிருந்து வந்த எண்கள் அவை என்பதால், வெட்கத்திற்குரிய செய்திகள் குறைத்தே சொல்லப்பட்டிருக்கும் என்று கருதிப் படிக்க வேண்டும்.

கடைசியாக, உங்களிடம் பேசுபவர் அழலாம், நீங்கள் தீர்க்க முடியாத துன்பத்தைச் சொல்லலாம். நீங்கள் மாணவர், சிகிச்சை அளிப்பவராக மாறிவிடக் கூடாது. அவரை அனுப்ப வேண்டிய இடங்கள் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இவ்வெண்களை எழுதி வையுங்கள்: மனநல உதவிக்கு 14416, எச்.ஐ.வி. பற்றிய ஐயங்களுக்கு 1097, பெண்களுக்கான உதவிக்கு 181, குழந்தைகளுக்கு 1098, பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104. எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் இலவசமாகவும் கமுக்கமாகவும் கிடைக்கும். முதல் நேர்காணலுக்குப் போவதற்கு முன், அந்த எண்களை நீங்களே ஒருமுறை அழைத்துப் பார்த்து, யார் எடுக்கிறார்கள், தமிழில் பேசுகிறார்களா, இரவிலும் கிடைக்கிறார்களா என்று குறித்துக்கொண்டு புறப்படுங்கள்.